விழுந்த தழும்பு என்று மகளிடம் சொல்லிவிட்டோம்: இனி உண்மையை எப்படிச் சொல்வது?

எழுவான்கரைத் தந்தை எழுதியது:

எங்கள் மகள் 2020 மே மாதத்தில், ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்களில் பிறந்தாள். இடப்பக்கத்து மேலுதடும் முரசும் (பல் ஈறு) அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளந்திருந்தன. உதட்டுக்கான சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் செய்வார்கள் என்று சொன்னார்கள். கொரோனாவினால் அது தள்ளிப்போய், எட்டாம் மாதத்தில்தான் நடந்தது. அண்ணத்தை ஒன்றரை வயதில் மூடினார்கள். இப்போது அவள் ஆறு வயதை நெருங்குகிறாள், தரம் ஒன்றில் படிக்கிறாள்.

அந்த முதல் எட்டு மாதங்களில் நாங்கள் அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பகுதி வழக்கப்படி நான் மனைவியின் தாய் வீட்டில்தான் வாழ்கிறேன். "இந்த முகம் படத்தில் தங்கக்கூடாது, நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி என்று வரும்போது யாராவது தூக்கிக் காட்டுவார்கள்" என்று மாமி சொன்னார். நானும் மறுத்துப் பேசவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு ஒருவரையும் அழைக்கவில்லை. ஊரடங்கு அதற்கு ஒரு சாட்டாக வாய்த்தது என்று எழுதவே மனம் கூசுகிறது. மகளுக்கு நான்கு வயதானபோது, கண்ணாடியின் முன் நின்று உதட்டிலுள்ள கோட்டைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்துவிட்டாய் என்று.

சென்ற மாதம் அவளுடைய ஆசிரியை, வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்காகப் பிள்ளைகளின் கைக்குழந்தைப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் பத்தாம் மாதத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தோம். மற்றப் பிள்ளைகளின் படங்களில் எல்லாம் துணியில் சுற்றிய பச்சைக்குழந்தைகள் இருக்க, தன்னுடைய படத்தில் மட்டும் ஏன் இருந்து சிரிக்கிற பிள்ளை இருக்கிறது என்று அவள் வீட்டில் வந்து கேட்டாள். அதோடு, பாடசாலை முற்றத்து ஊஞ்சலில் அவள் ஏறுவதே இல்லை என்பதையும், "நான் அதிலிருந்து விழுந்து வாய் கிழிந்தவள்" என்று தோழிகளுக்குச் சொல்லியிருக்கிறாள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நான் சொன்ன பொய்யை அவள் தன் உடம்பின் வரலாறாக எடுத்துக்கொண்டு, அதற்கேற்றபடி பயப்படவும் பழகியிருக்கிறாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மனைவியும் நானும் முடிவெடுத்துவிட்டோம். எந்த வயதில், எந்தச் சொற்களால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஏன் அப்படிப் பிறந்தேன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? மாமியைப் பொறுத்தவரை, 2019 டிசம்பர் 26ஆம் திகதி சூரிய கிரகணத்தன்று என் மனைவி குசினியில் மீன் வெட்டியதுதான் காரணம். ஆறு ஆண்டுகளாக என் மனைவி அந்தச் சொல்லைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

---

கல்முனை உம்மா எழுதியது:

தம்பி, என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. அவருக்கு இரண்டு பக்கமும் பிளவு, நடுவில் முரசு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. பிறந்த அன்று அவரை என் கையில் தந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை இன்று வரை நான் யாரிடமும் மறைப்பதில்லை, ஏனென்றால் இப்போது பிள்ளை பெற்றுவிட்டு இதை வாசிக்கின்ற ஒரு தாய்க்கு அது தேவைப்படலாம்.

பால் கொடுப்பதுதான் எங்களுக்கு முதற் போராட்டமாக இருந்தது. உதட்டில் மட்டும் பிளவு என்றால் பல பிள்ளைகள் தாய்ப்பாலை நேரடியாகவே குடித்துவிடுவார்கள். அண்ணமும் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சுகிற இழுவை உண்டாகாது. பிள்ளை வாய் வைத்து உழைத்து உழைத்துக் களைத்துப்போகும், வயிற்றுக்குள் ஒன்றும் இறங்காது, இறங்குவதிலும் பாதி மூக்கால் வந்துவிடும். எனக்கு இதை யாரும் சொல்லித் தராததால், முதல் இரண்டு கிழமைகள் என் பாலில்தான் ஏதோ குறை என்று அழுதுகொண்டிருந்தேன். பிறகு வார்டில் இருந்த ஒரு தாதி, பாலைப் பிழிந்தெடுத்து, பிதுக்கக்கூடிய மென்மையான போத்தலிலும் கரண்டியிலும் கொடுக்கவும், பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடிக்கவும், காற்றை விழுங்குவதால் இடைக்கிடை தோளில் போட்டு ஏப்பம் எடுக்கவும், ஒரு நேரத்துப் பாலூட்டலை அரை மணிக்கு மேல் நீட்டாமல் விடவும் பழக்கினார். நீட்டினால் குடித்த பாலின் சத்து குடிக்கிற களைப்பிலேயே போய்விடும் என்று அவர் சொன்னது என் மனத்தில் அப்படியே நிற்கிறது. நிறை ஏறாமல் சத்திரசிகிச்சைக்குத் திகதி தரமாட்டார்கள் என்பதால், கிளினிக்கில் தராசின் முள்ளைப் பார்ப்பது எனக்குப் பரீட்சை முடிவு பார்ப்பதைப்போல இருந்தது.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு எத்தனை முறை போயிருப்போம் என்று கணக்கில்லை. மகியங்கனை வழியாகப் போகிற பஸ்ஸில் 18 வளைவு மலைப்பாதையில் ஏறும்போது பிள்ளை சத்தி எடுக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் துணியை எடுத்து மூடுவேன். ஒரு நாள் என் வாப்பா, "பிள்ளைக்கு மூச்சு முட்டுது மகள், துணியை எடுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் மூடவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியர்கள் தங்கள் பதிவுக்காக முகத்தை முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் கீழிருந்தும் படம் எடுப்பது வழக்கம். அடுத்த கிளினிக்கில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் மகனுடைய நாற்பதாம் நாள் படம் முன் அறைச் சுவரில் தொங்குகிறது. அவருக்கு அது எப்போது தெரியவந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பேச்சு வந்த நாளிலிருந்தே தெரியும்.

---

மண்டூர் பெரியப்பா எழுதியது:

மற்றவர்களை மறுத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏன்? தழும்பு வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு போகும். விழுந்தது என்றே அவள் நம்பட்டும். வயதுக்கு வந்த பிறகு, தாங்குகிற மனம் வந்த பிறகு சொன்னால் போதும் என்பது என் எண்ணம். பெண்பிள்ளை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

---

திருக்கோவில் ஆசிரியை எழுதியது:

பெரியவர் அன்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொன்ன வழியிலேயே வளர்க்கப்பட்டவள் நான். ஆதலால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி வேண்டும்.

நான் 1989இல் பிறந்தேன். அடுத்த ஆண்டே சண்டை மீண்டும் தொடங்கி, என் பெற்றோர் பிள்ளைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த அலைச்சலுக்கு நடுவே என் உதட்டுக்கு மூன்று வயதில்தான் சத்திரசிகிச்சை நடந்தது; அண்ணத்துக்குப் பத்து வயதில். அகதி முகாமில் கரண்டிப் பாலில் என்னை உயிரோடு வைத்திருந்த என் அம்மாவின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்கள் என்னிடம், நாய் கடித்த தழும்பு என்று சொன்னார்கள். நான் மூக்கால் பேசுவதற்கும் நாய்க்கடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றாத வயது.

பதினைந்து வயதில், ஒரு சாமத்திய வீட்டில், இரண்டு பெரியம்மாமாருக்கு இடையில் வந்த வாய்த்தர்க்கத்தில் ஒருவர், "உன் தங்கச்சி மூளியைப் பெற்றவள்தானே" என்றார். சபை அமைதியாகி, எல்லோருடைய கண்களும் என்னை நோக்கித் திரும்பியதில்தான் நான் விளங்கிக்கொண்டேன். அந்தச் சொல்லைவிட என்னைச் சுட்டது வேறொன்று. அங்கிருந்த அத்தனை பேருக்கும், சமையற்கட்டில் நின்ற அயலவர்களுக்கும், என்னைவிட இளைய மச்சாள்மாருக்கும்கூடத் தெரிந்திருந்த ஒன்று, எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதன் பிறகு பல ஆண்டுகள், யாராவது என் முகத்தை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தால், இவருக்கு என்னைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்னும் என்ன தெரியும் என்ற எண்ணமே வரும்.

கலியாணத்துக்காக மறைக்கிறோம் என்பதையும் நான் அனுபவித்தேன். முதலில் வந்த சம்பந்தத்தில் தரகரிடம் விபத்து என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரித்து உண்மையை அறிந்தபோது, பிளவுக்காக அல்ல, மறைத்ததற்காகவே விலகினார்கள். மறைக்கிற அளவுக்கு இது பெரிய நோய் போலும் என்று நினைத்தார்கள். பிறகு என்னைக் கட்டியவரிடம் முதல் சந்திப்பிலேயே நானே சொன்னேன். எங்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் பிளவு இல்லை. முதற் கர்ப்பத்தில் வைத்தியர் குடும்ப வரலாறு கேட்டபோது தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது. என் பிறப்பைப் பற்றித் தெரியாமலே நான் தாயாகியிருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தம்பி, ஆறு வயது பிந்திய வயதல்ல. ஆனால் இனியும் தள்ளிப்போட்டால், வகுப்பிலோ கோயில் வீதியிலோ வேறொருவர் உங்களை முந்திவிடுவார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. "நீ அம்மாவின் வயிற்றில் வளரும்போது உன் உதட்டின் இரண்டு பக்கமும் வந்து சேரவில்லை. டொக்டர் அதைச் சேர்த்துத் தைத்தார். அந்தத் தையல்தான் இந்தக் கோடு" என்பது போதும். மறக்காமல் இன்னொன்றையும் சொல்லுங்கள்: அப்பா முன்பு சொன்ன ஊஞ்சல் கதை உண்மையல்ல, அப்பா சொன்னது பிழை என்று. அதைச் சொல்லாவிட்டால், எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியாது.

---

ஓய்வுபெற்ற குடும்பநல மாது எழுதியது:

படுவான்கரையில் நீண்ட காலம் வேலை செய்தவள் நான். கிரகணத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த ஒரு பேச்சினால் எத்தனை தாய்மார் குற்றவாளிகளைப்போலத் தலை குனிந்து கிளினிக்குக்கு வந்தார்கள் என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

குழந்தையின் மேலுதடு ஏறக்குறைய நான்காம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில் உருவாகிறது. முகத்தின் இரு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ந்து வருகிற இழையங்கள் ஒன்றையொன்று தொட்டு இணைய வேண்டும்; அந்த இணைப்பு நடைபெறாத இடமே பிளவாக நிற்கிறது. அண்ணம் அதற்குச் சற்றுப் பின்னர், பெரும்பாலும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் மூடிவிடும். 2020 மே மாதம் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, 2019 டிசம்பர் 26ஆம் திகதியன்று தாய் வயிற்றில் ஏறக்குறைய ஐந்து மாதம் நடந்துகொண்டிருக்கும். உங்கள் மகளின் உதடு எப்படி இருக்கப் போகிறது என்பது அந்தக் கிரகணத்துக்கு இரண்டு மாதங்களுக்கும் மேலாக முன்னரே முடிந்துபோன விடயம். உங்கள் மாமியிடம் விஞ்ஞானம் பேசத் தேவையில்லை, தம்பி. கலண்டரை எடுத்து வைத்து மாதங்களை அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

உண்மைக் காரணம் என்ன என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகளில் ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடியாது. பரம்பரைக் கூறுகள் பலவும் சூழற் காரணிகளும் சேர்ந்தே இது நேர்கிறது. கர்ப்ப காலத்தில் புகைத்தல், மது, தொடக்கத்திலேயே கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக மருந்தை நிறுத்திவிடக்கூடாது, அது தாயின் உயிருக்கே ஆபத்து. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே வைத்தியரிடம் பேச வேண்டும். உலக அளவில் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்று இப்படி அமைகிறது. பெற்றோருக்கு இல்லாமல் முதற் பிள்ளைக்கு வந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5 வரை என்று சொல்வார்கள். கீழுதட்டில் சிறு குழிகள் இருக்கிற குடும்பங்களில் மட்டும் அது நூற்றுக்கு 50 வரை உயரலாம்; ஆதலால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலக் குளிசையைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே எடுப்பது நல்லது.

மகள் ஏன் என்று கேட்டால், யாருடைய பிழையினாலும் அல்ல என்று அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதைக் கேட்க வேண்டியவர் மகள் மட்டுமல்ல.

---

எழுவான்கரைத் தந்தை எழுதியது:

கலண்டரை எடுத்து எண்ணினோம். மாமி இரண்டு முறை விரல் விட்டு எண்ணினார். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்விட்டார். என் மனைவி அன்றிரவு நெடுநேரம் அழுதார்.

மகளிடம் பேசுவதற்கு முன் இன்னும் இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். அவள் "பந்து" என்பதைச் சில வேளைகளில் "மந்து" என்பதுபோலச் சொல்கிறாள். வீட்டில் பலூன் ஊதப் பழக்குகிறோம். மேல்தாடையும் சற்று உள்ளே போவதுபோலத் தெரிகிறது. சத்திரசிகிச்சையில் ஏதும் தவறிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

---

வாழைச்சேனைத் தந்தை எழுதியது:

என் மகனுக்கு 13 வயது. நீங்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி வந்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

ப, ட, க, ச போன்ற ஒலிகளுக்கு வாய்க்குள் காற்று அழுத்தமாகத் தேங்க வேண்டும். அதற்கு அண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணம் எழுந்து மூக்குக்குப் போகிற வழியை அடைக்க வேண்டும். அடைபடாவிட்டால் காற்று மூக்கால் கசிந்து, ப என்பது ம ஆகிவிடும்; ம, ந, ண ஆகியவை இயல்பாகவே மூக்கொலிகள் என்பதால் அவை கெடாது. மூக்கின் கீழே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து "பாப்பா" என்று சொல்ல வைத்தால், ஆவி படிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். பலூன் ஊதுவதால் பேச்சு திருந்துவதில்லை. நாங்கள் இரண்டு ஆண்டுகளை அதில் இழந்தோம். ஊதும்போது அண்ணம் செய்கிற வேலை வேறு, பேசும்போது செய்கிற வேலை வேறு. பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். அண்ணமே எட்டவில்லை என்றால் பயிற்சியால் மட்டும் தீராது, இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அதைக் கண்டுபிடிக்கிறவரும் அவர்தான். கூடியவரை தமிழில் பேசிப் பயிற்சி தருகிற ஒருவரைத் தேடுங்கள். எங்களுக்கு முதலில் கிடைத்தவர் நல்ல மனிதர், ஆனால் தமிழ் அறியாதவர். மகன் எந்த எழுத்தைப் பிழையாகச் சொல்கிறான் என்பதை நான் இடையில் நின்று விளக்க வேண்டியிருந்தது. செவியையும் சோதியுங்கள்: அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கட்டுவது மிகச் சாதாரணம், அது வலியே இல்லாமல் காது கேட்கும் திறனைக் குறைத்துவிடும். வகுப்பில் முன் வரிசையில் இருத்தச் சொல்லுங்கள்.

தாடையைப் பற்றி: வைத்தியர்மீது உடனே ஐயம் கொள்ளாதீர்கள். இதற்கான விளக்கம் பெருமளவுக்கு எங்கள் நாட்டிலிருந்தே உலகத்துக்குக் கிடைத்தது. 1980களில், லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் பற்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸும் அவருடைய குழுவினரும், இலங்கையில் சத்திரசிகிச்சை எதுவும் கிடைக்காமலே பெரியவர்களாகிவிட்ட பிளவுடையவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. சிறு வயதில் அண்ணத்தைத் தைக்கும்போது உண்டாகிற தழும்புதான் தாடையின் வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கிறது என்று அதிலிருந்து விளங்கியது. அப்படியானால் தைக்காமல் விட்டிருக்கலாமே என்று நானும் கேட்டேன். அதே இலங்கை ஆய்வில் பிந்திய வயதில் அண்ணம் தைக்கப்பட்டவர்களில் பலருக்குப் பேச்சு திருந்தவே இல்லை. பேச்சுக்காக முந்தித் தைக்கிறோம், அதற்குத் தாடை ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலையைப் பிறகு பற்கம்பியாலும், சிலருக்கு வளர்ச்சி முடிந்த பின் தாடைச் சத்திரசிகிச்சையாலும் ஈடுசெய்கிறார்கள்.

எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையில், மேல் வேட்டைப்பல் முளைப்பதற்கு முன்பு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்து முரசுப் பிளவில் எலும்பு வைப்பார்கள். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் அந்தப் பல்லுக்குப் பிடிமானம் கிடைப்பது கடினம். ஆதலால் பல் வைத்தியரை இப்போதே பழக்கப்படுத்துங்கள். என் மகன் இடுப்பு நோவோடு மூன்று நாள் நொண்டி நடந்தான். ஏன் நடக்கிறது என்பது தெரிந்திருந்ததால் அழவில்லை. ஊஞ்சலில் விழுந்த பிள்ளையின் இடுப்பிலிருந்து எலும்பு எடுக்கப் போகிறோம் என்று எந்தக் கதையைச் சொல்லி விளக்குவீர்கள்?

---

ஆரையம்பதி ஆரம்பப் பிரிவு ஆசிரியை எழுதியது:

கைக்குழந்தைப் படம் கேட்கிற வழக்கம் என் வகுப்பிலும் இருந்தது. சூறாவளியிலும் சுனாமியிலும் யுத்தத்திலும் படங்களை இழந்த வீடுகள் உள்ள ஊரில் அதை நான் இவ்வளவு காலம் யோசிக்காமல் செய்திருக்கிறேன். இனி, விரும்பிய படம் ஒன்று அல்லது வரைந்த படம் ஒன்று என்று மாற்றிவிடுவேன். சகோதரர் தன் மகளின் ஆசிரியையிடமும் நேரில் பேச வேண்டும். பிள்ளையின் பேச்சைக் கேட்டுப் படிப்பில் பின்தங்கியவள் என்று தவறாகக் கணிப்பது எங்களிடம் நடக்கிறது.

---

எழுவான்கரைத் தந்தை எழுதியது:

சென்ற செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கேட்டோம். மகளின் கோப்பில் படங்கள் இருந்தன. பொறுப்பான வைத்தியர் ஒன்றைத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, முற்றத்தில் பாய் விரித்து, மனைவியும் நானும் மகளை நடுவில் வைத்துக்கொண்டு, திருக்கோவில் ஆசிரியை எழுதிய சொற்களை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். "அப்ப நான் விழல்லயா?" என்றுதான் முதலில் கேட்டாள். விழவில்லை, அப்பா சொன்னது பிழை என்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். பயத்தில் சொன்னேன் என்றேன். சிறிது நேரம் என்னோடு பேசவில்லை.

பிறகு படத்தைக் கையில் எடுத்து, விரலை உதட்டின் மேல் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த வாயால் நான் எப்படிப் பால் குடிச்ச?" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த மாமி சொன்னார். படம் எடுக்கக்கூடாது என்று தடுத்த அதே மாமிதான், என் மனைவி களைத்துப்போன அந்த மாதங்களில், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழும்பி, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக் கரண்டியால் பால் பருக்கியவர் என்பதை நான் இங்கே முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவர் உள்ளே போய் அந்தச் சின்னக் கரண்டியைக் கொண்டுவந்து, எப்படிப் பிடித்தேன் என்று செய்து காட்டினார். மகள் அவருடைய மடியில் ஏறிப் படுத்துக்கொண்டு, இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னாள்.

படத்தைப் பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டோம், வேண்டாம் என்றாள். தன் கொப்பிகள் இருக்கிற பெட்டியில் வைத்திருக்கிறாள். ஊஞ்சலில் இன்னும் ஏறவில்லை. பேச்சுச் சிகிச்சைக்கு அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது. செவிச் சோதனையையும் அன்றைக்கே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.